பூண்டிக் கல்லும் நாற்பது மில்லி டயரும்

சென்னையிலிருந்து வடக்கே சைக்கிளில் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத்தான் பிடிக்கிறார்கள். செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நேராகப் போகும். ஓரத்தில் இடம் உண்டு, ஏற்றம் கிடையாது, யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூடவே கன்டெய்னர் லாரி உண்டு. தப்புத் திசையில் வரும் மோட்டார் பைக் உண்டு. எளாவூர் சோதனைச்சாவடி நெருங்க நெருங்க வரிசைகட்டும் சரக்கு வண்டிகளும் உண்டு. இதே சாலையிலிருந்து மேற்கே ஏதாவது ஒரு கிராமத்து வழியில் திரும்பிவிட்டால் ஏரிக்கரை, கால்வாய்க்கரை, வண்டிப்பாதை, காட்டோரச் சாலை என்று ஊத்துக்கோட்டை, பூண்டி வரைக்கும் வேறொரு வழி விரிகிறது. அதில் பாதி தார் போட்டது. மீதி செம்மண், பெயர்ந்த ஜல்லி, சவுடு. பந்தய சைக்கிளில் போனால் மணிக்கட்டும் முதுகும் போய்விடும். மலைச் சைக்கிளில் போனால் தார் வரும் இடமெல்லாம் வீண் உழைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வண்டிதான் கிராவல் பைக்.

தூரத்தில் பார்த்தால் பந்தய சைக்கிள் என்றே தோன்றும். ஆட்டுக்கொம்பாக வளைந்த அதே ஹேண்டில்பார். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தக் கொம்பின் கீழ்முனைகள் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்திருக்கும். குலுங்கும் பாதையில் பிடி தளராமல் இருக்க அந்த அகலம். டிஸ்க் பிரேக் இருக்கும். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிற இடம் இருக்கும். சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் நிற்காமல் இருக்க அது வேண்டும். முக்கியமான வித்தியாசம் டயர். பந்தய சைக்கிளில் 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலம். மலைச் சைக்கிளில் 55-க்கு மேல். கிராவல் வண்டியில் 38 முதல் 45 வரை.

இது விளையாட்டாகப் பேர் பெற்றது அமெரிக்காவில். கான்சஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006-இல் 34 பேர் சேர்ந்து 200 மைல் மண்சாலைப் பந்தயம் ஒன்றை ஓட்டினார்கள். இன்று அன்பவுண்ட் கிராவல் என்ற பெயரில் உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிற பந்தயம் அதுதான். 2022-இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பையும் நடத்திவிட்டது. எம்போரியா இருப்பது ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற குன்றுப் பகுதியில். அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் சிக்கிமுக்கி வகைக் கல் கலந்து கிடக்கிறது. உடைந்தால் கத்தி முனை. அமெரிக்கப் பழங்குடிகள் ஆயுதம் செய்த அதே கல்தான் இன்று பந்தயக்காரர்களின் டயரைக் கிழிக்கிறது.

நம் பக்கத்துக் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. பூண்டிக்கு வடமேற்கே இருக்கும் அல்லிக்குழி மலை, கூழாங்கற்களும் மணலும் களியும் சேர்ந்து இறுகிய பாறையால் ஆனது. எப்போதோ ஓடிய நீரோட்டங்கள் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த குவார்ட்சைட் கற்கள் அவை. மழை அந்தப் பாறையைக் கரைக்கக் கரைக்கக் கற்கள் உதிர்ந்து ஓடைகளிலும் பாதைகளிலும் பரவிக் கிடக்கின்றன. முஷ்டி அளவு, தேங்காய் அளவு, சில இடங்களில் அதற்கும் பெரிது. ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இல் இங்கே அத்திரம்பாக்கத்தில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்புவின் குழு அதே இடத்தில் பல ஆண்டுகள் அகழ்ந்து, அந்தக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் அறிவித்தது. அவற்றைச் செய்தவர்கள் எடுத்த கல், இன்று உங்கள் முன்சக்கரத்துக்குக் கீழே உருளுகிற இதே குவார்ட்சைட்தான். அந்தக் கருவிகளில் ஒன்று கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளும் ஆசை வேண்டாம். பார்க்க வேண்டுமானால் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே தொல்லியல் துறை 1985-இல் திறந்த அகழ்வைப்பகம் இருக்கிறது; அங்கே வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுகிறவருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. மிஷினில் உடைத்த ஜல்லிக்கு மூலைகள் இருக்கும். ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். மேலே பாரம் ஏற ஏற இறுகும். அதில் சக்கரம் வழுக்காது, ஆனால் டயரின் பக்கவாட்டுச் சுவர் அறுபடலாம். ஆற்றுக்கல்லுக்கு மூலை கிடையாது. டயரை அறுக்காது, ஆனால் பிடிப்பும் தராது. மிதித்தால் நழுவும், பிரேக் பிடித்தால் மொத்தமாக ஓடும். இந்தக் கற்கள் கிடக்கும் கூடியம் கிராமத்துப் பக்கப் பாதைகளில் முதல் முறை போகிறவர்கள் பயந்துபோய் முன்பிரேக்கை அழுத்தி, அதனாலேயே விழுகிறார்கள். அங்கே வேகத்தைக் கல் வருவதற்கு முன்பே குறைத்துக்கொண்டு, கல்லின் மேல் போகும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். இருக்கையிலிருந்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, முழங்கையை மடக்கித் தளர்த்திப் பிடித்தால் வண்டி தானே வழி பார்த்துக்கொள்ளும். இறுக்கிப் பிடிக்கிற கைதான் விழுகிற கை.

இருபத்தெட்டுக்கு ஒன்றரை

இதைப் படிக்கிற பலருக்கும் ‘இவ்வளவு செலவு பண்ணித்தான் மண்ரோட்டில் போக வேண்டுமா’ என்று தோன்றும். தோன்ற வேண்டும். நம் அப்பாக்கள் ஓட்டிய பெரிய சைக்கிளின் டயர் அளவு என்ன? 28-க்கு ஒன்றரை இஞ்ச். ஒன்றரை இஞ்ச் என்றால் 38 மில்லிமீட்டர். இன்றைய சர்வதேசக் கணக்கில் அதே டயரை 40 மில்லி என்று குறிக்கிறார்கள். கிராவல் பைக் கம்பெனிகள் இப்போது கண்டுபிடித்ததாகச் சொல்லும் அகலம் அம்பத்தூரிலிருந்து போன ஹெர்குலிஸில் எப்போதோ இருந்தது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஊர் அம்பத்தூர். அந்த அம்பத்தூரும் 2018 ஆரம்பம் வரைக்கும் திருவள்ளூர் மாவட்டம்தான். மண்சாலை நாட்டுக்கு மண்சாலை டயர் போட்டு விற்றார்கள், அவ்வளவுதான். தார் ரோடு வந்த பிறகுதான் டயர் மெலிந்தது.

பெரிய சைக்கிளில் குறை டயரில் இல்லை. எடையில் இருக்கிறது, கம்பி பிரேக்கில் இருக்கிறது, எல்லாவற்றையும்விட கியரில் இருக்கிறது. செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொண்டால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். சமதரையில் சுகம். ஏரிக்கரை மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கிராவல் பைக்கில் முன்னால் 40 பல், பின்னால் 42 பல் வரை இருக்கும். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றாது. அதனால் உதிரிக் கல்லிலும் உட்கார்ந்தபடியே மெதுவாக மிதித்து ஏறலாம். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து அது வெறுமனே சுழலும் என்பதால் இப்படி உட்கார்ந்து ஏற முடிவது பெரிய விஷயம்.

என் கருத்து இது: வீட்டில் கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள் இருந்தால் அதில் ஃபோர்க் இடம் கொடுக்கும் வரைக்கும் அகலமான டயரை மாட்டி ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். 38 மில்லி நுழைந்தால் இந்த மாவட்டத்தில் முக்கால்வாசி இடம் போய்விடலாம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பூண்டி ஒன்றியத்து ஏரிக்கரைகளில் அரசு கொடுத்த சைக்கிளில் கியரே இல்லாமல், பின்னால் ஒரு தோழியையும் ஏற்றிக்கொண்டு போகிற பெண்பிள்ளைகளைப் பார்த்தால் வண்டி வாங்கும் வேகம் கொஞ்சம் தணியும்.

காற்று

வண்டியைவிட டயர் முக்கியம், டயரைவிடக் காற்று முக்கியம். பெரும்பாலோர் செய்யும் தப்பு, கல்லென்று அளவுக்கு மீறி அடைப்பது. இறுகின டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. துள்ளும் ஒவ்வொரு முறையும் முன்னே போக வேண்டிய விசை மேலே போய்விடுகிறது. காற்றைக் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கி அதன் மேல் வழிந்து போகும். தரையில் படும் பரப்பும் கூடும், பிடிப்பும் கூடும். எழுபது கிலோ ஆள், 40 மில்லி டயர், உள்ளே ட்யூப் என்றால் முன்னால் 38, பின்னால் 42 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம். பின்சக்கரத்துக்குப் பாரம் அதிகம், அதனால்தான் அந்த நான்கு கூடுதல். இதற்கும் கீழே போனால் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ட்யூப்லெஸ் என்றால் நசுங்க ட்யூப் இல்லை. முப்பதுக்குப் பக்கத்தில் வரை இறக்கலாம்.

ட்யூப்லெஸுக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு: வேலிக்காத்தான் முள். ஏரிக்கரையிலும் கால்வாய்க்கரையிலும் சீமைக்கருவேலம் இல்லாத இடம் கிடையாது. நிற்கிற மரம் அவ்வளவு தொல்லை இல்லை. விறகுக்கோ கரிக்கோ வெட்டி இழுத்துப்போன பிறகு கரையில் சிதறிக் கிடக்கும் காய்ந்த சுள்ளிகள்தான் ஆபத்து. காய்ந்த முள் ஆணி. டயருக்குள் ஊற்றுகிற சீலண்ட் பால் அந்த மாதிரிச் சின்ன ஓட்டைகளைத் தானாக அடைத்துவிடும். முள்ளைப் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தை ஓட்டை கீழே இருக்கும்படி ஒரு நிமிடம் பிடித்தால் போதும். ஆனால் நம் வெயிலில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்து டயருக்குள் ரப்பர் ஏடாகப் படிந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றிக்கொள்ளவில்லை என்றால் ட்யூப்லெஸ் போட்டதற்கு அர்த்தமே இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் முள்ளின் இடத்தைக் கம்பி எடுத்துக்கொள்கிறது. வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய எஃகு இழை, கண்ணுக்கே தெரியாது. டயரில் விரலை விட்டுத் தடவினால் விரலில் குத்தித்தான் தன் இருப்பைச் சொல்லும். அதைக் கிள்ளியெடுக்க ஒரு சின்ன இடுக்கி பையில் இருக்கட்டும்.

வால்வு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராவல் பைக்குகளில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வுதான் இருக்கும்: மெல்லிசாக, உச்சியில் திருகு வைத்தது. கிராமத்து பஞ்சர் கடையில் இருக்கும் குழாய் மோட்டார் பைக்குக்கும் பழைய சைக்கிளுக்கும் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை மாட்டினால் பொருந்தும். அதை வால்விலேயே திருகி வைத்துவிட்டால் தொலையாது. கடைக்காரர் கம்ப்ரசரைத் திறக்கும்போது ‘அண்ணா, நாற்பதுக்கு மேல வேணாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லாரிக்குப் பழகிய கை அது.

எந்தக் கரை, யார் கரை

பழக நினைப்பவர் திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பூண்டிக்குப் போய் வரலாம். போக மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே 1944-இல் முடிந்த அணை அது. சென்னை மேயராக இருந்து இந்தத் திட்டத்துக்காகப் போராடிய சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட, சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் நிலைத்தது. பூண்டியிலிருந்து சீதஞ்சேரி வழியாக ஊத்துக்கோட்டைக்குப் போகும் சாலை தார்தான் என்றாலும், காட்டை ஒட்டிப் போவதால் காலையில் ஓட்ட இந்த மாவட்டத்தில் அதற்கு இணையில்லை என்பேன்.

ஊத்துக்கோட்டைப் பக்கம் கண்டலேறு கால்வாய் வருகிறது. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் வரும் வழி. தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சுமார் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டியில் விழுகிறது. கரையோரம் துறை வண்டிகள் போக வழி இருக்கிறது: ஒரு நீளம் இறுகின கிராவல், ஒரு நீளம் புல், ஒரு நீளம் மழை அரித்த பள்ளம். கால்வாய் என்பதால் ஏற்றம் அநேகமாகத் தெரியவே தெரியாது. ஆனால் அது நீர்வளத் துறையின் கரை. பூட்டிய கதவோ எச்சரிக்கைப் பலகையோ இருந்தால் தாண்டிப் போக வேண்டாம். காவலுக்கு நிற்பவரிடம் கேட்டால் போகலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். உள்பக்கச் சரிவு சிமென்ட் பூசியது, பாசி பிடித்தது. தண்ணீர் ஓடும்போது உள்ளே சறுக்கினவர் பிடித்து ஏற எதுவுமில்லை. முகம் கழுவக்கூட அதில் இறங்காதீர்கள்.

ஏரிக்கரைகளுக்கு வேறு சட்டம், எழுதாத சட்டம். தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் சமதளமாக இருக்கிற எல்லா இடமும் களம்தான். நெல்லைக் கரைமேலும் ரோட்டுமேலும் பரப்பி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் திட்டு விழும், விழத்தான் வேண்டும். இறங்கி ஓரமாகத் தள்ளிப் போங்கள். வைக்கோல்மேல் ஓட்டினால் பின்கியரில் சுற்றிக்கொண்டு செயினைப் பூட்டிவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சவுடு மண் எடுக்கும் ஏரி என்றால் அந்தக் கரைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. லோடு ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் ஐம்பதடி தூரத்துக்கு எதுவும் தெரியாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட் இரண்டின் பின்பக்கச் சாலைகளும் ஞாயிற்றுக்கிழமை காலி. மற்ற நாட்களில் ஷிப்ட் மாறும் நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்: காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. அதற்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் கம்பெனி பஸ்களும் வேன்களும் குறுகலான கிராமச் சாலைகளில் பறக்கும். தேர்வாய்கண்டிகையில்தான் மிஷெலின் லாரி டயர் ஆலை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம்; அரை டி.எம்.சி. கொள்ளளவு, சென்னைக்கு ஐந்தாவது குடிநீர் ஏரி. அதைச் சுற்றி மாதர்பாக்கம் வரைக்கும் போகும் ஊர்ச்சாலைகளில் செம்மண்ணும் தாரும் மாறி மாறி வரும். மழை விட்ட மறுநாளே ஓட்டலாம், தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும் மண். கிழக்கே சுண்ணாம்புக்குளம், பழவேற்காட்டுப் பக்கம் அப்படியில்லை. அங்கே ஈரமானால் களி, காய்ந்தால் மணல். களி டயரில் அப்பி ஃபோர்க்கை அடைக்கும். மணலில் 40 மில்லி டயர் புதையும். அந்தப் பக்கம் தாரை விட்டு இறங்காமல் இருப்பதே புத்தி.

காட்டுக்குள் போவதைப் பற்றி வளைத்துப் பேச எதுவுமில்லை. இங்கே காடு என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ஆடு மாடு போகிற தடம் இருக்கிறதே, மேப்பில் கோடு தெரிகிறதே என்பதெல்லாம் அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. 2024-இல் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பட்டியலில் கூடியம் குகைப் பாதையும் இருக்கிறது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, நடந்து போக. சைக்கிளை ஊரில் விட்டுவிட்டு அப்படிப் போய் வாருங்கள், அந்தப் பாறைக் கூரையின் கீழ் நிற்பது அதற்குத் தகும். நாகலாபுரம் பக்கம் மலையைத் தாண்டினால் ஆந்திர வனத்துறை. இங்கே வாங்கிய அனுமதி அங்கே செல்லாது.

மார்கழி முதல் மாசி வரைதான் ஓட்டுகிற காலம். சித்திரை, வைகாசியில் விடியுமுன் கிளம்பி எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும்; வழியில் நுங்கு கிடைக்கும் என்பது மட்டும் ஆறுதல். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும் முன் பூண்டியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவு நிரம்பும் கட்டம் வந்தால் மதகைத் திறந்துவிடுவார்கள். கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் ஒவ்வொன்றாக முழுகும். ஆரணி ஆற்றிலும் இதே கதைதான், பிச்சாட்டூர் அணையைத் திறந்தால். ‘தம்பி, பாலம் முழுகிக் கெடக்கு, அப்படிப் போகாதே’ என்று டீக்கடையில் யாராவது சொன்னால் போனில் மேப் வேறு என்ன காட்டினாலும் அவர் பேச்சைக் கேளுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் சைக்கிளைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளிவிடும், அடியில் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. அன்றைக்குத் திரும்பி வந்த வழியே போய்விட்டு, தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து வரலாம். அப்போதும் பாலத்து முகப்பில் வெள்ளம் ஒதுக்கிய வேலிக்காத்தான் கிளைகள் கிடக்கும். அந்த இடத்தில் மட்டும் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.